வருஷ பூசைக்கு வீட்டுக்காரர் வரமாட்டேங்கறாரு, உத்தரிக்கிற ஸ்தலம் பைபிள்ல இருக்கா இல்லயா?

நெல்லித்தோப்பு மக:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போவும் பொறுத்துக்கோங்க. நான் பாண்டி, நெல்லித்தோப்பு பங்கு, தாத்தா காலத்துலேந்து கத்தோலிக்க. வீட்டுக்காரர் கடலூர் முதுநகர், அவங்க வீட்ல எல்லாரும் ஒரு சின்ன பெந்தெகொஸ்தே சபைக்கு போறவங்க (பேரு வேணாம்). நீ உன் கோயிலுக்கு போ நான் என் சபைக்கு போறேன்னு பேசி வச்சுகிட்டுதான் கல்யாணமே ஆச்சு, இதுவரைக்கும் பெருசா சண்டை இல்ல, வில்லியனூர் மாதா திருவிழாவுக்கு கூட என்னை வண்டில கூட்டிகினு வந்து விட்டுட்டு வெளிய நின்னு பஜ்ஜி சாப்ட்டுகிட்டு இருப்பாரு.

இப்ப எங்க அப்பா தவறி வருஷம் வருது. அம்மா வருஷ பூசைக்கு குடுத்துட்டாங்க, பூசை முடிஞ்சு உப்பளம் கல்லறைல சாமியார் வந்து மந்திரிப்பாரு, அப்புறம் வீட்ல சாப்பாடு. வீட்டுக்காரர் சாப்பாட்டுக்கு வரேன், கல்லறைக்கு கூட வரேன், பூசைக்கு மட்டும் வரமாட்டேன்னு உக்காந்துட்டாரு. செத்தவங்களுக்காக ஜெபம் பண்றது வேதத்துல கெடையாது, அதுல போயி உக்காந்தா நானும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்கறாரு. அவங்க பாஸ்டர் அதுக்கும் மேல, உத்தரிக்கிற ஸ்தலமே (அதான், மோட்சத்துக்கு போறதுக்கு முன்னாடி ஆத்துமா சுத்தமாகற நிலைன்னு நாங்க நம்பறது) ரோமாபுரில காசு பாக்க கண்டுபுடிச்சதுன்னு சொல்லி, அது எப்படியோ அம்மா காதுக்கு போயி, அவங்க அழுதுட்டாங்க.

அம்மாவ கேட்டா எங்க பைபிள்ல இருக்கற மக்கபேயர் புஸ்தகத்துல இருக்கு போய் பாருன்னுவாங்க. வீட்டுக்காரர் பைபிள எடுத்தா மக்கபேயரே இல்ல, மல்கியா முடிஞ்ச உடனே மத்தேயு. இவரு வேதத்துல காட்டுங்கறாரு, அவங்க திருச்சபை சொல்லிடுச்சு போதும்ங்கறாங்க, நடுவுல நான் யாருக்கு என்னத்த காட்டறது?

இன்னொன்னு, இது என் சொந்த சந்தேகம், அம்மாகிட்ட கேக்க முடியாது. அப்பாவுக்கு சுகர்ல கால் எடுத்து ரொம்ப கஷ்டப்பட்டுதான் போனாரு. இயேசு சிலுவைல எல்லாத்தயும் தீர்த்துட்டாருன்னா அப்பா இன்னும் என்ன தீக்கணும்? செத்தும் வேதனையா? இத நெனச்சா எனக்கே பாஸ்டர் சொல்றது சரியோன்னு தோணுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க, திட்டாம சொல்லுங்க.

முதுநகர் விசுவாசி:

சிஸ்டர் ஸ்தோத்திரம். நானும் முதுநகர்தான், உங்க வீட்டுக்காரர் எந்த சபைன்னு தெரியாது, ஒரு சகோதரனா சொல்றேன். நீங்க கடைசியா கேட்டீங்களே அதுலயே பதில் இருக்கு. "அவருடைய குமாரனாகிய இயேசுகிறிஸ்துவின் இரத்தம் சகல பாவங்களையும் நீக்கி, நம்மைச் சுத்திகரிக்கும்"னு 1 யோவான் 1:7ல இருக்கு. சகல பாவம்னா சகல பாவந்தான். மிச்சம் வச்சுட்டு அத நீ போய் நெருப்புல தீத்துக்கோன்னு சொல்றவர் நம்ம ஆண்டவர் இல்ல.

எபிரெயர் 9:27, ஒரேதரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு. நடுவுல ஒரு ஸ்டாப்பிங் இல்ல. சிலுவைல தொங்குன கள்ளன் வாழ்க்கை பூரா அக்கிரமம் பண்ணவன், அவனுக்கு முப்பதாம் நாள் பூசையும் இல்ல வருஷ பூசையும் இல்ல, "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு சொல்லிட்டாரு. லூக்கா 16ல ஐசுவரியவான் செத்ததுக்கப்புறம் கெஞ்சறான், ஒன்னும் நடக்கல, நடுவுல பெரும்பிளப்பு.

மக்கபேயர் பத்தி. அத யூதர்களே தங்களோட வேதத்துல சேக்கல. லத்தீன்ல பைபிள மொழிபெயர்த்த ஜெரோமே இந்த புஸ்தகங்கள சபை வாசிக்கலாம், ஆனா உபதேசத்த நிலைநாட்ட எடுக்கக்கூடாதுன்னு முன்னுரைல எழுதி வச்சிருக்காரு. சரி அதயும் விடுங்க, அந்த பகுதிய எடுத்துதான் படிங்களேன். யுத்தத்துல செத்த வீரர்களோட சட்டைக்குள்ள யம்னியா ஊரு விக்கிரக தாயத்து இருந்துது, அதனாலதான் செத்தாங்கன்னு அதுலயே இருக்கு. விக்கிரக ஆராதனை உங்க சபை கணக்குல சாவான பாவம், சாவான பாவத்தோட செத்தா நேரா நரகம், உத்தரிக்கிற ஸ்தலமே கெடையாது. அப்ப அந்த வசனம் உங்க உபதேசத்துக்கே பொருந்தலயே?

உங்க அம்மா அழுதாங்கன்னு படிச்சப்ப கஷ்டமா இருந்துது. ஒரு ஊழியக்காரர் அப்படி பேசியிருக்க வேண்டாம். ஆனா விஷயம் விஷயந்தான்.

முத்தியால்பேட்டை:

நான் இந்து, சும்மா எட்டி பாத்தேன். நாங்க அமாவாசைக்கு எள்ளும் தண்ணியும் விடறோம், நீங்க பூசைக்கு எழுதி வக்கிறீங்க. பேருதானே வேற, இதுக்கா இவ்ளோ வம்பு?

முதுநகர் விசுவாசி:

பாத்தீங்களா, வெளில இருக்கறவருக்கே தெரியுது.

அரியாங்குப்பம் உபதேசியார் பேரன்:

எங்க தாத்தா உபதேசியார், நான் கொஞ்ச காலம் செமினரில இருந்து வெளிய வந்தவன், அதனால படிச்சத வச்சு சொல்றேன். முத்தியால்பேட்டைக்காரருக்கு மட்டும் ஒரு வரி, உங்க மாதிரி ஆளுங்க இப்படி கேப்பாங்கன்னு பயந்துதான் 1704லயே பாண்டிச்சேரில பெரிய பஞ்சாயத்து நடந்துது, அதுக்கு அப்புறம் வரேன்.

தங்கச்சி, மொதல்ல உங்க அப்பா விஷயம். உத்தரிக்கிற ஸ்தலம்னா நம்ம ஆயாங்க சொன்ன கதைல நெருப்பு, சங்கிலி, இத்தன வருஷம் தண்டனைன்னு ஒரு ஜெயில் மாதிரி மனசுல பதிஞ்சு போச்சு. திருச்சபை போதனையா கட்டாயமா சொல்றது ரெண்டே விஷயம். 1563 டிசம்பர்ல கத்தோலிக்க ஆயர்கள் கூடுன திரெந்து சங்கம் போட்ட தீர்மானத்த எடுத்து பாருங்க, உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்க இருக்கற ஆத்துமாக்களுக்கு நம்ம மன்றாட்டு, முக்கியமா பூசை, உதவி பண்ணும், அவ்ளோதான். அந்த தீர்மானத்துல நெருப்பு இல்ல, எவ்ளோ நாள்னு இல்ல, எங்க இருக்குன்னு இல்ல. அதே தீர்மானத்துல ஆயர்களுக்கு இன்னொரு உத்தரவும் இருக்கு, சாதாரண ஜனங்களுக்கு பிரசங்கம் வக்கும்போது சிக்கலான கேள்விய எல்லாம் இழுக்காதீங்க, மூடநம்பிக்கையும் கேவலமான காசாசையும் கலந்தது எதயும் விடாதீங்கன்னு. காசு காசுன்னு சொல்ற பாஸ்டருக்கு இது தெரியுமா தெரியல, ரோமாபுரியே அத திட்டிதான் எழுதி வச்சிருக்கு.

போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1999 ஆகஸ்டுல பொது சந்திப்புல தெளிவா சொன்னாரு, அது ஒரு இடம் இல்ல, ஒரு நிலைன்னு. பதினாறாம் பெனடிக்ட் 2007 சுற்றுமடல்ல, அந்த நெருப்பே கிறிஸ்துதான், அவரோட பார்வைக்கு முன்னாடி நிக்கறதுதான் சுத்திகரிப்புன்னு சில இறையியலாளர்கள் சொல்றத எடுத்து விளக்கறாரு. ஜெனோவா கத்தரீனம்மாள் இன்னும் ஒரு படி மேல, மோட்சத்துல இருக்கற சந்தோஷத்த விட்டா உத்தரிக்கிற ஆத்துமாவோட சந்தோஷத்துக்கு ஈடு எதுவுமே இல்லன்னு சொல்லியிருக்காங்க. ஏன்னா அங்க இருக்கறவங்க எல்லாரும் மோட்சத்துக்கு உறுதியா போறவங்க. அது ரெண்டாவது சான்சும் இல்ல. அதனால அப்பா கால் வலியோட போனாரு அங்கயும் வலியான்னு தயவுசெஞ்சு அப்படி நெனைக்காதீங்க.

இயேசு எல்லாம் தீர்த்துட்டாருங்கறதுல எங்களுக்கும் சந்தேகம் இல்ல. ஆனா மன்னிப்பு வேற, மன்னிக்கப்பட்டவன் உள்ளுக்குள்ள சரியாகறது வேற. ரெண்டாம் சாமுவேல் 12ல தாவீதோட பாவத்த ஆண்டவர் நீக்கிட்டாருன்னு நாத்தான் சொல்றாரு, அடுத்த வரிலயே புள்ள செத்துப்போவும்ங்கறாரு. தீட்டுள்ளது எதுவும் உள்ள வராதுன்னு வெளிப்படுத்தல் 21:27. நம்மள்ல எத்தன பேரு சாவும்போது கோபம் வஞ்சம் எல்லாம் கழுவித்தான் போறோம்? சுத்திகரிக்கறதும் அதே கிறிஸ்துவோட இரத்தந்தான், வேற சோப்பு இல்ல.

விசுவாசி பிரதர் தாயத்து கேள்வி நல்ல கேள்வி, நழுவ மாட்டேன். அவங்க தளபதி யூதாஸ் மக்கபேயர் அந்த வீரர்கள் நரகத்துக்கு போயிட்டாங்கன்னு தீர்ப்பு எழுதல, உயிர்த்தெழுவாங்கன்னு நம்பி, இரண்டாயிரம் திராக்மா வெள்ளி வசூல் பண்ணி யெருசலேமுக்கு பாவப்பரிகார பலிக்கு அனுப்புறாரு. ஒருத்தனோட உள்ளம் கடைசில எப்படி இருந்துதுன்னு நமக்கு தெரியாது, அதனாலதான் யாருக்காகவும் வேண்டறோம். நீங்க அந்த புஸ்தகத்த தேவ வசனம்னு ஏத்துக்க வேண்டாம், சரித்திரமா பாருங்க, கிறிஸ்துவுக்கு முன்னாடியே யூதர்கள் செத்தவங்களுக்கு மன்றாடினாங்களா இல்லயா? அப்ப அது ரோமாபுரி கண்டுபுடிப்பு எப்படி ஆவும்? 387ல ஓஸ்தியால சாகப்போற மோனிக்கம்மாள் மகன் அகுஸ்தீனார்கிட்ட, என் உடம்ப எங்கயோ போடு, பீடத்துல மட்டும் என்ன நெனச்சுக்கோன்னாங்க. அப்ப என்ன வியாபாரம் இருந்துது?

முதுநகர் விசுவாசி:

சரித்திரமா ஏத்துக்கறேன் பிரதர். ஆனா ஜனங்க செஞ்சாங்கங்கறதுக்காக தேவன் சொன்னாருன்னு ஆயிடுமா? பொன் கன்னுக்குட்டிய கூடதான் செஞ்சாங்க. பவுல் தெசலோனிக்கேயருக்கு செத்தவங்கள பத்தி ஒரு பகுதியே எழுதறாரு, துக்கப்படாதீங்க, நம்பிக்கையா இருங்கங்கறாரு, அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு சொல்ல அத விட நல்ல எடம் உண்டா? சொல்லலயே. அப்புறம் 1 கொரிந்தியர் 3 எடுத்துகினு வருவீங்க, "அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல". அது ஊழியக்காரங்களோட வேலைய சோதிக்கற நெருப்பு, அதுவும் கடைசி நாள்ல. ஆத்துமாவ கழுவற நெருப்பு இல்ல.

அரியாங்குப்பம் உபதேசியார் பேரன்:

வேலை வெந்துபோனா "அவனோ இரட்சிக்கப்படுவான்"னு இருக்கே, நஷ்டமும் படறான், ரட்சிப்பும் அடையறான். அந்த நஷ்டம் என்ன? அத நீங்க சொல்லுங்க. அந்த வசனம் மட்டும் வச்சு முழு உபதேசமும் நிக்குதுன்னு நானும் சொல்ல மாட்டேன்.

மஞ்சக்குப்பம் லுத்தரன்:

ரெண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்க. நான் ஆற்காடு லுத்தரன் திருச்சபை, வயசாச்சு, ரிட்டயர்டு வாத்தியார். நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறது உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு இல்லீங்க, எது வேதம்னு முடிவு பண்றது யாருங்கறதுக்கு. இந்த பொண்ணு கேள்வியே அதான், மல்கியாவுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு.

எங்க லுத்தர் 1517ல 95 வாக்கியம் எழுதும்போது உத்தரிக்கிற ஸ்தலமே இல்லன்னு சொல்லல, நெறைய பேருக்கு இது தெரியாது. பாவமன்னிப்பு சீட்டு வித்தாங்களே அததான் அடிச்சாரு. 82வது வாக்கியத்துல ஒரு கேள்வி, ஒரு கோயில் கட்ற காசுக்காக இத்தன ஆத்துமாவ விடுதலை பண்ண முடியும்னா, போப்பு அன்பினாலயே மொத்தத்தயும் காலி பண்ணிடலாமேன்னு ஜனங்க கேக்கறாங்கன்னு. அப்புறம் 1519ல லைப்சிக்ல எக்னு ஒருத்தரோட வாதம். எக் இதே மக்கபேயர தூக்கி போடறாரு. லுத்தர் அங்கயும் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டுன்னுதான் சொல்றாரு, ஆனா மக்கபேயர் அதிகாரமுள்ள வேதம் இல்ல அத வச்சு நிரூபிக்க முடியாதுங்கறாரு. அதே வாதத்துல அதுக்கு முன்னாடி போப்போட அதிகாரம் பத்தி பேசும்போது எக், அப்ப சங்கமும் தப்பு பண்ணுமான்னு மடக்கறாரு, ஆமா சங்கமும் தவறலாம்னு லுத்தர் வாயிலேந்து வந்துடுச்சு. அங்கதான் வழி பிரிஞ்சுது. 1530லதான் உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு எதிராவே தனியா எழுதறாரு, 1537 ஸ்மால்கால்டு கட்டுரைல கடுமையா மறுக்கறாரு.

ஆனா விசுவாசி தம்பி, நீங்க கவனிக்க வேண்டியதும் இருக்கு. 1534ல லுத்தர் வெளியிட்ட முழு ஜெர்மன் பைபிள்ல மக்கபேயர் இருக்கு, ரெண்டு ஏற்பாட்டுக்கும் நடுவுல, வேதத்துக்கு சமம் இல்ல ஆனா வாசிக்க நல்லதுன்னு போட்டு. நம்ம தரங்கம்பாடிலயும் அப்படித்தான், சீகன்பால்கு விட்ட எடத்துலேந்து ஷூல்ட்சே ஐயர் 1728ல முடிச்ச தமிழ் பழைய ஏற்பாட்டுல தள்ளுபடி ஆகமமும் (மக்கபேயர் மாதிரி புஸ்தகங்கதான்) சேத்துதான் அச்சடிச்சாங்க. லண்டன் பைபிள் சொசைட்டி உள்ளுக்குள்ள பெரிய சண்டை நடந்து 1826ல இனிமே அந்த ஆகமங்களுக்கு எங்க காசு கெடையாதுன்னு முடிவு பண்ணதும், இன்னிக்கு வீட்டுக்காரர் கைல இருக்கற பைபிள்ல அது இல்லாததுக்கு ஒரு காரணம். அதாவது வேதத்துல காட்டுன்னு சொல்றவர் கைல இருக்கற வேதத்தோட பொருளடக்கத்தயும் யாரோ சில மனுஷங்க உக்காந்து முடிவு பண்ணதுதான். இத சொன்னா எங்க சபையிலயே செல பேருக்கு புடிக்காது.

இன்னொன்னு, எங்க லுத்தரன் விசுவாச அறிக்கையான அவுக்ஸ்பர்க் அறிக்கைக்கு 1531ல லுத்தரோட கூட்டாளி மெலாங்க்தன் எழுதுன விளக்கத்துல 24வது பிரிவு. செத்தவங்களுக்காக பழைய சபையார் ஜெபிச்சது எங்களுக்கு தெரியும், அத நாங்க தடுக்கலன்னு இருக்கு. பூசைய செத்தவங்க கணக்குல வரவு வக்கிற மாதிரி செய்யறததான் ஏத்துக்கல. அதனால செத்தவங்களுக்கு ஜெபம், சுத்திகரிப்பு நிலை, அவங்களுக்கான பூசை, பலன், இதெல்லாம் ஒரே மூட்டை இல்ல. ஒன்ன மறுத்தா எல்லாத்தயும் மறுக்கணும்னு இல்ல, ஒன்ன ஏத்துக்கிட்டா எல்லாத்தயும் ஏத்துக்கணும்னும் இல்ல. வீட்டுக்காரருக்கு இதுல எது நெஞ்ச உறுத்துதுன்னு கேட்டு பாரும்மா.

பூசைல உக்காந்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ங்கறாரே, 2 இராஜாக்கள் 5 படிக்க சொல்லு. சீரியா தளபதி நாகமான் குஷ்டம் குணமாயிட்டு, எங்க ராஜா ரிம்மோன்ங்கற எங்க ஊரு சாமி கோயிலுக்கு போகும்போது நான் கூட போயி குனிய வேண்டி வரும், கர்த்தர் மன்னிக்கணும்ங்கறான். எலிசா தீர்க்கதரிசி சமாதானத்தோட போங்கறாரு.

நெல்லித்தோப்பு மக:

ஐயா ரொம்ப நன்றி, ஆனா எங்க கோயில போய் ரிம்மோன் கோயிலுக்கு சமமா வச்சுட்டீங்களே, இத அம்மாகிட்ட சொன்னா அடுப்புல சோறு வேகாது :)

மஞ்சக்குப்பம் லுத்தரன்:

வீட்டுக்காரர் கண்ணுக்கு அப்படி தெரியுதேம்மா, அவர் கண்ணுலேந்து சொன்னேன்.

அரியாங்குப்பம் உபதேசியார் பேரன்:

வாத்தியார் ஐயா சொன்ன சரித்திரம் சரி, ஆனா முடிவு பண்ணது யாரோ மனுஷங்கன்னு சொல்லிட்டு அங்கயே விட்டா எப்படி? 393ல ஹிப்போ, 397ல கார்த்தேஜ் சங்கங்கள் போட்ட பட்டியல்ல மக்கபேயர் இருக்கு, அந்த பட்டியல் போட்டவங்கதான் மத்தேயுவயும் ரோமரயும் சேத்தாங்க. திரெந்து சங்கம் 1546ல புதுசா நொழைக்கல, சண்டை வந்துதுன்னு கட்டாயமாக்குனாங்க. சபைய நம்பாம சபை போட்ட பட்டியல மட்டும் எப்படி நம்பறதுங்கறதுதான் எங்க கேள்வி.

அதுக்காக ரோமாபுரி சொன்னா நாங்க வாய மூடிகிட்டு தலையாட்டுவோம்னும் நெனைக்காதீங்க. மேல சொன்னேனே அந்த பஞ்சாயத்து. போப்பாண்டவர் அனுப்புன டூர்னோன் 1704ல இதே பாண்டில உக்காந்து, இந்து பழக்கம் மாதிரி இருக்குன்னு பல சடங்க தடை பண்ணி ஆணை போட்டாரு. இங்க இருந்த சேசு சபை சாமியாருங்க மேல்முறையீடு போயி, 1744ல பதினாலாம் பெனடிக்ட் முடிவா சொல்ற வரைக்கும் இழுத்துது. ரோமாபுரில இருந்து வந்த ஆளயே எதுத்து எழுதுன ஊரு இது.

முதுநகர் விசுவாசி:

சபை பட்டியல உண்டாக்கல பிரதர், ஏற்கனவே தேவ வார்த்தையா இருந்தத அடையாளம் கண்டுகிச்சு. அந்த சங்கங்கள் ஆப்பிரிக்காவுல நடந்த வட்டார சங்கங்கதான், அதே காலத்துல ஜெரோம் வேற சொல்றாரே, அப்ப சபைக்குள்ளயே ஒத்த கருத்து இல்லன்னுதானே அர்த்தம். இது இன்னிக்கு தீராது. வாத்தியார் ஐயா சொன்ன நாகமான் பகுதிய நான் இந்த விஷயத்துக்கு யோசிச்சதே இல்ல, எங்க சபைல கேட்டு பாக்கறேன்.

நெல்லித்தோப்பு மக:

ராத்திரி வீட்டுக்காரருக்கு மொத்தமா படிச்சு காட்டினேன். மெலாங்க்தன் வரைக்கும் பொறுமையா கேட்டாரு. எது உறுத்துதுன்னு கேட்டேன், காசு குடுத்து ஜெபம் வாங்கறதுதான்னாரு, உங்க அப்பாவுக்காக நான் தனியா ஆண்டவர்கிட்ட பேசாம இல்ல அத ஜெபம்னு சொல்வியோ என்னமோன்னாரு, எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கடைசில கடைசி பெஞ்சுல உக்காருவேன், முழங்கால் போட மாட்டேன், நன்மைக்கு (அதான் பூசைல அப்பம் வாங்க) வரமாட்டேன்னு சொல்லியிருக்காரு. இது பரவால்லயா? காசு விஷயத்துக்கு என்ன சொல்றது?

அரியாங்குப்பம் உபதேசியார் பேரன்:

நன்மைக்கு அவர் வரவும் கூடாது தங்கச்சி, அது எங்க சட்டம், அதனால அதுல யாருக்கும் மனக்கஷ்டம் இல்ல. முழங்கால் போடலன்னா யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க, நம்ம ஆளுங்களே பாதி பேரு மொபைல பாத்துகினு இருப்பாங்க. காசு பூசைக்கு வெல இல்ல, காணிக்கை. 1983 திருச்சபை சட்டம் 945, இல்லாதவங்க கேட்டா காணிக்கை வாங்காமயும் அவங்க கருத்துக்கு பூசை வக்கணும்னு வற்புறுத்துது. 947ல வியாபாரம்ங்கற சாயல் கூட இருக்கக்கூடாதுன்னு இருக்கு. நடைமுறைல எல்லா பங்குலயும் அப்படி நடக்குதான்னு கேட்டா நான் பதில் சொல்ல மாட்டேன். அவருக்கு அவ்ளோ உறுத்துனா அந்த காசுக்கு சமமா ஏதாவது முதியோர் இல்லத்துல ஒரு வேளை சாப்பாடு போட சொல்லுங்க, தர்மமும் ஆத்துமாக்களுக்கு ஒப்புக்குடுக்கறதுதான்.

இன்னொரு யோசனை. அன்னிக்கு பெரிய திருநாள் எதுவும் வரலன்னா இறந்தவங்க பூசை வாசகத்த நீங்களே தேர்ந்தெடுக்கலாம், பங்கு சாமியார முன்னாடியே கேட்டுக்கோங்க. மக்கபேயரும் அந்த பட்டியல்ல இருக்கு, அத விட்டுட்டு ரெண்டு பைபிள்லயும் இருக்கற ரோமர் 8, 31லேந்து கேளுங்க, கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மள யாரு பிரிக்க முடியும்னு வரும். அவரும் ஆமென் சொல்லலாம்.

முதுநகர் விசுவாசி:

ரோமர் 8ஆ? ஏன் 31லேந்து ஆரம்பிக்கணும், முதல் வசனத்துலேந்து படிங்க பிரதர், கிறிஸ்துவுக்குள்ள இருக்கறவங்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பே இல்லன்னு இருக்கு. நான் மொதல் பதிவுலேந்து அதத்தானே சொல்லிகிட்டு இருக்கேன்.